ரெண்டு கறவைக்கு நடுவுல

ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் போன்ல எதையாவது பாக்கறது எங்க வீட்லயும் வழக்கமாயிடுச்சு. போன மாசம் ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியோட வீடியோ ஓடுச்சு. வீட்டையே வண்டியில கட்டி வச்சிருக்காங்க. உள்ளயே அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம். நம்ம ஊர்ல சினிமாக்காரங்களுக்கு நிக்குமே கேரவன், அது மாதிரி. ஜெர்மனியில ரோட்டன்பர்க், நோர்ட்லிங்கன்னு பழைய மதில் சுவருக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன ஊரா பாத்துக்கிட்டே போறாங்க. காலைல ஒரு ஊர்ல காபி, மத்தியானம் வேற ஊர்ல சாப்பாடு, சாயந்திரம் ஊர் ஓரமா வண்டிய நிறுத்தி மடக்கு நாற்காலி போட்டு ரெண்டு பேரும் உக்காந்துக்கிறாங்க.

வீட்டம்மா கண்ணு எடுக்காம பாத்துட்டுக் கேட்டது ஒரே கேள்விதான். "ஏங்க, இவங்க வீட்ல மாடு யாரு கறப்பா?"

நான் சிரிச்சுட்டேன். ஆனா படுத்த பிறகு தூக்கம் வரல.

மாடு வளக்காதவங்களுக்கு இதச் சொல்லணும். கறவை மாடு இருக்கிற வீட்ல ஒரு நாள்ங்கிறது காலைல அஞ்சு மணிக்கும் சாயந்திரம் நாலரைக்கும் நடுவுல இருக்கிற நேரம்தான். கறவை தப்பினா மடி கட்டிக்கும், அப்புறம் மடிநோய் வரும். வேற ஆள விட்டுக் கறக்கலாமான்னா, பழகாத கைக்கு மாடு சொரப்பு விடாது. எங்க செவலை அப்படித்தான், வீட்டம்மா கை இல்லன்னா ஒதைக்கும். எங்களுக்குக் கல்யாணம் ஆகி 26 வருஷம். உறவுல எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மத்தியானப் பந்தியிலயே சாப்பிட்டுக் கிளம்பிடுவோம். ராத்தங்கினது அவ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில மட்டும்தான்.

அவ கேட்டதுக்குப் பதில் தேடிப் படிச்சேன். நெதர்லாந்துல 1992லயே பால் கறக்கிற ரோபோ வந்துடுச்சாம். பின்லாந்துல கால்நடை வச்சிருக்கிற விவசாயிக்கு வருஷத்துக்கு 26 நாள் லீவு சட்டத்துலயே இருக்குதாம். அந்த நாளுக்கு மாத்து ஆளு வந்து கறந்துட்டுப் போவாங்களாம். விவசாயிக்கு லீவு! நான் ரெண்டு தடவ படிச்சேன்.

சரி, நமக்கு 26 நாள் வேணாம், ரெண்டு கறவைக்கு நடுவுல இருக்கிற பத்து மணி நேரம் போதும்னு முடிவு பண்ணேன். மல்லாட்டை மூட்டை ஏத்தற குட்டியானை இருக்குது. எங்க வேங்கிக்காலுக்கு உலகமே வருது, பௌர்ணமிக்கு ரோட்ட தாண்ட முடியாது. ஆனா நாங்க எங்கயும் போனதில்ல. "போளூரு, ஆரணி எல்லாம் பஸ்ல போவ சொல்ல போர்டு பாத்ததோட சரி"ன்னு அவ சொல்லுவா. அதனால அந்த ஊருங்களையே பாத்துட்டு வரலாம்னு சொன்னேன்.

அவகிட்ட சொல்லாதது ஒண்ணு இருந்துச்சு. மாட்டுத் தரகர் ஒருத்தர் ரெண்டு கறவைக்கும் சேத்து நல்ல விலை சொல்லியிருந்தார். சுத்தி எல்லாம் பிளாட்டு ஆயிடுச்சு, வரப்புப் புல்லு அறுக்க எடமில்ல. அவளுக்கு மூட்டு வலி வேற. சென்னையில இருக்கிற பொண்ணு போன் பண்றப்பல்லாம் "வித்துடுங்கப்பா"ங்குறா. போற வழியில பக்குவமாச் சொல்லலாம்னு நெனச்சேன்.

பக்கத்து வீட்டுச் சின்னம்மாகிட்ட தண்ணி காட்ட, புல்லு போடச் சொல்லிட்டு, சொசைட்டியில பால ஊத்திட்டு ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். பின்னாடி தார்ப்பாய், பாய், தண்ணி கேன், புளிசோத்து தூக்கு. எங்க கேரவன் அவ்வளவுதான்.

போளூர்ல டீ. அங்கிருந்து ஆரணி ரோட்ல போய் வடமாதிமங்கலத்துக்குப் பக்கத்துல திருமலை. இது திருப்பதி இல்ல, சமணர் திருமலை. அடிவாரத்துல குந்தவை பேர்ல ஜினாலயம் இருக்குது, நம்ம ராஜராஜ சோழனோட அக்காதான். மேல பாறையிலயே செதுக்கின நேமிநாதர் 16 மீட்டர் உயரம். தமிழ்நாட்டுல இதவிட ஒசரமான சமணச் சிலை கெடயாது. குகையில பழைய ஓவியம் மங்கலாத் தெரியுது. எங்க மாவட்டத்துல நைனாருங்க நெறைய பேரு பரம்பரையா விவசாயிங்கதான், பொழுது சாயறதுக்கு முன்னாடி சாப்பிட்டு முடிச்சிடுவாங்க. வீட்டம்மா சிலையோட காலுக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தா. வீட்ல இருந்து முப்பது, முப்பத்தஞ்சு மைலு இருக்கும். இதப் பாக்க எங்களுக்கு 26 வருஷம் ஆச்சு. படி எறங்க சொல்ல என் தோளப் பிடிச்சுக்கிட்டா, முட்டி மடங்கல. சொல்ல இதுதான் நேரம்னு நெனச்சேன், சொல்லல.

களம்பூர் வழியா ஆரணி. களம்பூர் அரிசி உங்க சென்னை வரைக்கும் பேர் போனது, ரோட்டு மேலயே ரைஸ் மில்லு. ஆரணியில ஒரு பட்டுக் கடை ஏறினோம். எங்க கல்யாணப் பொடவை ஆரணிப் பட்டுதான், ஆனா எடுத்தது எங்க அம்மாவும் அத்தைங்களும். அவளக் கூட்டிட்டுப் போகல. இப்ப அவ அரைமணி நேரம் ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாத்தா, விலையக் கேட்டா, மடிச்சு வச்சுட்டு வந்துட்டா. அதுக்குள்ள சின்னம்மாவுக்கு மூணு போன். செவலை புல்லு தின்னுச்சா, கண்ணுக்குட்டிய அவுத்து விடலியே.

தேவிகாபுரம் போய்ச் சேர சொல்ல மணி ஒண்ணு தாண்டிடுச்சு. பெரியநாயகி அம்மன் கோயில் நடை சாத்தியாச்சு. எவ்ளோ பெரிய கோயிலு, எவ்ளோ சின்ன ஊரு! தெருவுல நடந்தா வீட்டுக்குள்ள தறி ஓடற சத்தம். ஒரு புளியமரத்தடியில வண்டிய நிறுத்தி, பின் கதவ எறக்கிவிட்டு உக்காந்து சாப்பிட்டோம். அப்பதான் தரகர் விஷயத்தச் சொன்னேன்.

அவ கை நின்னுச்சு. கோவப்படுவான்னு பாத்தா, நிதானமாக் கேட்டா.

"வித்துட்டு?"

"உனக்கும் ஓய்வு. இந்த மாதிரி நாலு ஊரு போலாம்."

"டீசலு யாரு காசுல?"

எனக்குப் புரியல. அவளே சொன்னா. நெல்லுக் காசும் மல்லாட்டைக் காசும் வருஷத்துக்கு ரெண்டு தடவ உங்க கணக்குல வருது, வந்த அன்னிக்கே உரக்கடைக்கும் கடனுக்கும் போவுது. பால் காசு ஒண்ணுதான் என் கணக்குல வருது. லிட்டருக்கு 35 ரூபா, ஊக்கத்தொகை 3 ரூபா, அதுவும் கொழுப்பு கொறைஞ்சா கொறையும். பொண்ணு காலேஜ் பீசு, உங்க அம்மா கண் ஆபரேஷன் எல்லாம் அதுலதான். "காலைல அந்தப் பொடவைய வேணும்னா எடுத்திருப்பேன். யாரையும் கேக்க வேணாம். வேணாம்னு நான்தான் வச்சேன். மாட்ட வித்துட்டா அஞ்சு ரூபாய்க்கும் உங்கள இல்ல கேக்கணும்?"

நான் கேட்டா குடுக்கமாட்டேனான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. முட்டிக்கு என்ன பண்றதுன்னு மட்டும் கேட்டேன். "ஒண்ண வித்துக்கலாம். செவலைய இல்ல"ன்னா. சொல்லிட்டு ஊறுகாய் எடுத்து வச்சா.

நான் பின்னாடி பாய் போட்டு இருபது நிமிஷம் படுத்தேன். அவ தெருவுக்குள்ள போய் ஒரு வீட்ல தறி பாத்துட்டு வந்து, ஒரு பொடவைக்கு எத்தனை நாள் ஆவும், கூலி எவ்ளோன்னு எல்லாம் கணக்காச் சொன்னா. நம்ம பால்காரங்க கதைதாங்க அவங்க கதையும்னா.

சேத்துப்பட்டுல லூர்து மாதா கோயில் கோபுரத்த வண்டியில இருந்தே பாத்தோம். பிரான்சுல இருந்து வந்த தராஸ் சாமியார் ஆரம்பிச்ச கோயில் அது. இன்னும் எறங்கிப் பாக்கல, மணி மூணு ஆயிடுச்சு. அவலூர்பேட்டை தாண்டினதும் பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னில காத்து இல்ல. தப்பு என்னுதுதான். ஒரு பையன் வண்டியில ஏறிப் போய் ஒட்டிட்டு வர்றதுக்குள்ள அவ ரோட்டோரமா நின்னு போன்ல சின்னம்மாவுக்குக் கறக்கச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தா. மொதல்ல மடியக் கழுவு, கண்ணுக்குட்டிய விடு, தடவிக்குடு.

வீட்டுக்கு வர அஞ்சே முக்கால். கறுப்பு மாடு கறந்தாச்சு. செவலை சின்னம்மாவ ஒதைச்சு சொம்பத் தட்டிவிட்டிருக்குது. தெரு மொனையிலயே கத்தற சத்தம் கேட்டுச்சு. பொடவ மாத்தல, செருப்ப மட்டும் ஒதறிட்டு அவ போய் உக்காந்தா. அந்த முட்டியோடதான். நான் விளக்கெண்ணெய் எடுத்துக் குடுத்தேன்.

எப்பவும் ஆறு லிட்டர் வரும், அன்னிக்கு நாலரைதான். சொசைட்டி மூடிட்டாங்க. உறை ஊத்தி வச்சோம். தரகருக்கு இன்னும் போன் பண்ணல. ஒரு மாடுன்னா அவர் சொன்ன விலைக்கு வருவாரான்னு தெரியல. சேத்துப்பட்டு பாக்க மறுபடியும் போகணும்னு அவ நேத்து சொன்னா, மொதல்ல ஸ்டெப்னிக்குக் காத்து அடிங்கன்னா.