நூற்பட்டியல்

கதை படிப்போர் உண்டு. கவிதை படிப்போர் உண்டு. நூற்பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு பொழுது போக்குவோர் சிலரே. அச்சிலருள் நானும் ஒருவன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நகரப் பொது நூலகங்கள் அச்சிட்டு வெளியிட்ட பட்டியல்கள் என் உள்ளத்தைக் கவர்ந்தவை. ஆசிரியர் பெயர், சுருக்கிய தலைப்பு, ஓர் எண் எனப் பக்கந்தோறும் வரிகள். ஆயினும் அவற்றின் பின்னே ஒரு நகரத்தின் அறிவுப் பசி தெரிகிறது.

மக்களிடம் வரி தண்டி நூலகம் நடத்த அந்நாட்டு நகரங்களுக்கு 1850இல் சட்டம் இடமளித்தது. 1855 முதல் 1919 வரை, வரி மதிப்பில் ஒரு பவுனுக்கு ஒரு பென்னி என்பதே பொதுவான உச்ச வரம்பு. ஆண்ட்ரூ கார்னெகி என்னும் செல்வர் பல நகரங்களுக்குக் கட்டடம் எழுப்பப் பொருள் வழங்கினார். நூல் வாங்கவும் ஊழியர்க்குச் சம்பளம் கொடுக்கவும் அந்தப் பென்னி வரியே துணை. அதில் மிச்சம் பிடித்துத்தான் பட்டியலையும் அச்சிட்டனர்.

ஏன் இத்துணை முயற்சி? அந்நூலகங்கள் பலவற்றில் வாசகன் அலமாரியை அணுக இயலாது. நூல்கள் முகப்பு மேசைக்கு அப்பால் இருந்தன. அவன் பட்டியலைப் புரட்டி எண்ணைக் குறித்துக்கொள்வான். நூல் உள்ளே இருக்கிறதா, வெளியே சென்றுவிட்டதா என்பதை எண்கள் நிறைந்த ஒரு பெரிய பலகை காட்டும். இருக்கிறதெனில் ஊழியர் எடுத்துத் தருவார். பட்டியலே அவனுக்குக் கண்.

தலைப்பை மட்டும் நம்பித் தேர்வது எளிதா? ஜான் ரஸ்கின் 1851இல் ஆட்டுப்பட்டி கட்டுவதைப் பற்றியது போன்ற தலைப்பில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் பேசப்படுவதோ கிறித்தவத் திருச்சபையின் அமைப்பு! ஆடு வளர்ப்பவன் அதைக் கேட்டு வாங்கியிருந்தால் அவன் நிலை என்னாகும்?

நான் பயின்ற தோட்டப் பள்ளியிலும் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. சாவி எங்கள் கைக்கு வந்ததில்லை. ஆனால் எங்களுக்கு நூல்களின் முதுகாவது தெரிந்தது. அந்நகரத்து வாசகனுக்கு அதுவும் கிட்டவில்லை. அதனால்தான் போலும், அவன் விரல் ஓடிய வரிகளைக் காணும்போது எனக்கு அவன்பால் ஒரு பாசம் பிறக்கிறது.

இலண்டனின் கிளார்க்கன்வெல் நூலகத்தில் 1894இல் ஜேம்ஸ் டஃப் பிரவுன் அலமாரிகளை வாசகர்க்குத் திறந்துவிட்டார். நூல்கள் களவு போகும் என்று அஞ்சியோர் பலர். எனினும் அவ்வழக்கம் மெல்லப் பரவியது. புதிய நூல்களை உடனுக்குடன் சேர்க்கவல்ல அட்டைப் பட்டியலும் வந்தது. அச்சேறிய மறுநாளே பழையதாகிவிடும் புத்தகப் பட்டியல் அதனோடு எங்ஙனம் போட்டியிடும்?

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி இலண்டன் சென்றார். கிராய்டன் நகர நூலகத் தலைவர் பெர்விக் சேயர்ஸிடம் பயின்றார். நூலகங்கள் பலவற்றைக் கண்டு திரும்பினார். பின் தம் நூலகத்தின் அலமாரிகளையும் வாசகர்க்குத் திறந்துவைத்தார்.

இன்று நம் பிள்ளைகள் அலமாரி முன் நின்று விரும்பிய நூலை உருவிப் பார்க்கிறார்கள், பிடிக்காவிடில் வைத்துவிடுகிறார்கள். அது அவர்களுக்கு இயல்பான உரிமை. அவ்வுரிமை எல்லார்க்கும் எக்காலத்தும் இருந்ததில்லை என்பதற்கு, யாரும் புரட்டாத அந்த அச்சுப் பட்டியல்கள் சான்றாக நிற்கின்றன.