கவாத்தும் தலைப்பாகையும்

காஞ்சியில் வாழும் நாம் செங்கல்பட்டுக்குச் செல்லும்போதெல்லாம் வாலாஜாபாத்தைக் கடந்து போகின்றோம். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய அவ்வூர் ஒரு காலத்தில் கும்பினியாரின் படைத்தளமாக இருந்ததை நம் பிள்ளைகள் அறியார். சென்னைச் சிப்பாய்கள் அங்கே பாளையமிறங்கிக் கவாத்துப் பழகினர். கவாத்து என்னும் சொல்லே மக்தபில் நம் குழந்தைகள் ஓதும் காயிதாவுக்கு உறவுதான். விதிகள் எனப் பொருள்படும் 'கவாயித்' என்ற அரபுச் சொல்லே தமிழில் அவ்வாறு வழங்கலாயிற்று.

1758இல் சிப்பாய்களைப் பட்டாளங்களாக வகுத்தவர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ். பல ஊர் மனிதரை ஒரே அடியில் நடக்கச் செய்வது எளிதன்று. கோர்வைச் சேலை நெய்கையில் நெசவாளியும் துணையாளும் ஒரே கணக்கில் நாடா வீசினால்தான் கரை சேரும் என்றறிந்த நம் ஊரார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நடையைத் திருத்துவது வேறு. ஆளையே மாற்ற முனைவது வேறு.

1806இல் தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கின் ஆணை அதைத்தான் செய்தது. தாடியை மழிக்க வேண்டும். சாதிச் சின்னமும் காதணியும் கூடா. தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும். வேலூரில் மறுத்தவர்களுள் இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி. ஒருவர் முஸ்லிம், மற்றவர் இந்து. அவ்வாண்டு ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்ததை நாடறியும். கலக்கம் வாலாஜாபாத்தையும் எட்டியது. ஆணை திரும்பப் பெறப்பட்டது. கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

பின்னாளில் தென்னாட்டார் போருக்கு ஆகார் என்று முத்திரை குத்தி, முதல் உலகப் போருக்குப் பின் சென்னைப் படையணிகளை ஆங்கிலேயரே கலைத்தனர். அடுத்த போர் வந்ததும் அதே தென்னாட்டார் வேண்டியவராயினர்! மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் கோவையை அடுத்த மதுக்கரையில் இயங்கி, 1947இல் நீலகிரியின் வெலிங்டனுக்குச் சென்றது. அப்படையில் சேரும் இளைஞர் இன்றும் அங்கேதான் கவாத்துப் பழகுகின்றனர். பயிற்சி நிறைவில் மறைநூல்களின் முன்னிலையில் உறுதிமொழி ஏற்கின்றனர்.

தாடி மட்டும் இன்னும் வழக்காகவே உள்ளது. விமானப்படை வீரர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் அதற்கு இடம் தரவில்லை. தீர்ப்பு நமக்கு உவப்பானதன்று. ஆயினும் அவருக்கு விடை எழுத்தில் கிடைத்தது, முதுகில் அன்று.