எயர் நகரத்து இழைப்புளி

ஸ்காட்லாந்து நாட்டின் தென்மேற்குக் கரையில், எயர் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்துள்ளது எயர் நகரம். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்பாலம் ஒன்று இன்றும் அவ்வாற்றின் குறுக்கே நிற்கின்றது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1759இல் பிறந்த அல்லோவே அருகிலேயே இருப்பதால், அவரை நினைந்து வருவோர் பலர். ஆனால், மரவேலை அறிந்தோர்க்கு எயர் என்றதும் நினைவுக்கு வருபவர் ஸ்டுவர்ட் ஸ்பையர்ஸ் என்னும் தச்சரே. 1840ஆம் ஆண்டளவில் அவர் இங்கு உலோக இழைப்புளிகளைச் செய்யத் தொடங்கினார்.

மரத்தாலான இழைப்புளி இருக்க, உலோகம் எதற்கு? மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். ஓயாத உராய்வினால் அடிப்பாகம் தேய்ந்து, உளி எட்டிப் பார்க்கும் வாய் அகன்றுவிடும். உளியின் முனைக்கு முன்னே நாரை அழுத்திப் பிடிப்பது அந்த வாயின் விளிம்பே. அது அகன்றுவிட்டால், முறுக்கு நார் கொண்ட கடின மரம் சீவப்படாமல் பிய்ந்துபோகும். பளபளக்க வேண்டிய மேசைப் பலகை பாழாகும்.

இக்குறையை உரோமையர் அன்றே உணர்ந்திருந்தனர். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேயி நகரிலும், இங்கிலாந்தின் சில்செஸ்டரில் 1890இல் நடந்த அகழாய்விலும் இரும்பு இழைப்புளிகள் கிடைத்துள்ளன. மரத்திற்கு இரும்பு அடித்தகடு பொருத்தி ஆணிகளால் இறுக்குவது அவர்தம் முறை. உரோமைப் பேரரசு வீழ்ந்தபின், ஐரோப்பியத் தச்சர் பெரும்பாலும் மரத்தாலான கருவிகளையே கையாண்டனர்.

ஸ்பையர்ஸ் செய்த கருவியின் அமைப்பு வியப்புக்குரியது. அடித்தகட்டின் ஓரங்களிலும் பக்கத் தகடுகளிலும், புறாவின் வாலைப்போல் விரியும் பற்களை வெட்டுவர். தச்சர் மரப்பெட்டியின் மூலைகளை இணைக்கும் அதே முறைதான் இது. பற்களை ஒன்றோடொன்று கோத்துச் சுத்தியலால் அடிக்க, உலோகம் பரந்து இடைவெளிகளை நிரப்பும். பின்னர் அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தினால், இணைப்பு இருந்த இடமே கண்ணுக்கு எளிதில் புலப்படாது. அதனைப் பிரிக்கவும் இயலாது. உள்ளே ரோஸ்வுட் போன்ற கடின மரத்தை இறுகப் பொருத்துவர். தடித்த எஃகு உளியைத் திருகுடன் கூடிய ஓர் அழுத்தி அசையாது பிடித்துக்கொள்ளும். வாயோ மெல்லிய கீற்றளவே. உளியைச் சிறிதே முன்னே நகர்த்த வேண்டுமாயின், சிறு சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். அதற்குக் கைப்பழக்கம் தேவை.

அமெரிக்காவில் லெனார்ட் பெய்லி வேறு வழி கண்டார். அவரது காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கியது. அச்சில் வார்த்த இரும்பு உடல், உளியை நகர்த்த ஒரு திருகு: இவற்றால் கருவி விலை குறைந்தது, பழகுவதும் எளிதாயிற்று. எளிய தொழிலாளிக்கு அது பெரும் நன்மையே. ஆயினும், ஒவ்வொன்றாய்க் கையால் கோத்துச் செய்யும் எயர் தொழில் அதனோடு போட்டியிட்டு நிலைக்க முடியவில்லை.

இன்றும் அப்பழைய இழைப்புளிகளைத் தேடி வாங்கி, உளியைத் தீட்டி வேலை செய்வோர் உண்டு. தலைமுறைகள் பல கடந்தும் அவற்றின் பற்கள் விலகவில்லை. பார்ப்போர் கண்ணுக்குப் படாத இடத்திலும் பழுதின்றி உழைத்த கைகளுக்கு அதுவே சான்று.