மறைவிடத்து நோயும் சோதனைப் படங்களும்

நம் உடலின் உறுப்புகளுள் கணையத்தைப்போல் அடக்கமானது வேறொன்று உண்டா என்பது ஐயமே. இரைப்பைக்குப் பின்னே, முதுகெலும்பையொட்டிக் குறுக்கே கிடக்கும் அது, உணவைச் செரிப்பிக்கும் நீரையும், சர்க்கரையை ஆளும் இன்சுலினையும் சுரந்து ஓசையின்றி உழைக்கிறது. அவ்வடக்கமே, அதில் புற்றுநோய் தோன்றும்போது ஆபத்தாக முடிகிறது. தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தும் அறிய இயலாது. கண் மஞ்சளித்து, முதுகு வலித்து, உடல் மெலிந்து மருத்துவரை நாடும் வேளையில், பெரும்பாலோர்க்கு அறுவை செய்யும் காலம் கடந்துவிடுகிறது. எனவேதான், மறைவிலுள்ளதை முன்னதாகக் காட்டும் படக்கருவியை அறிஞர்கள் தேடி வருகின்றனர்.

இத்தேடலில் நம் இராயபுரத்துக்கும் பங்குண்டு என்பதைப் பலர் அறியார். 1954-இல் டாக்டர் எம். விசுவநாதன் இங்கே நிறுவிய பொது மருத்துவமனை பின்னர் நீரிழிவு மருத்துவமனையாயிற்று. வெப்பநாடுகளில் காணப்படும் ஒருவகைக் கணைய நோயில், கணையத்துள் கற்கள் உண்டாகும். இளமையிலேயே வயிற்றுவலியும் பின்னர் நீரிழிவும் தோன்றும். இந்நோயாளர் 185 பேரை டாக்டர் சுரேஷ் சாரி, டாக்டர் வி. மோகன், டாக்டர் விசுவநாதன் முதலியோர் தொடர்ந்து கவனித்து, 1994-இல் தம் முடிவை வெளியிட்டனர். சராசரியாக நாலரை ஆண்டுகளில் இறந்த 24 பேருள் 6 பேர் கணையப் புற்றுநோயால் மாண்டிருந்தனர். பின்னர் டாக்டர் சாரி அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக நீரிழிவு கண்ட 2,122 பேருள், 18 பேருக்கு மூன்றாண்டுகளுக்குள் கணையப் புற்றுநோய் வெளிப்பட்டதென அவர் குழுவினர் 2005-இல் அறிவித்தனர். நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவே. ஆகவே சர்க்கரை நோய் கண்டவரெல்லாம் அஞ்ச வேண்டுவதில்லை.

இன்று வழக்கிலுள்ள சி.டி. ஸ்கேன், நரம்பில் மருந்து செலுத்திக் கணையத்தை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கிறது. ஆயினும் சிறு கட்டி சுற்றியுள்ள தசையின் நிறத்திலேயே ஒளிந்துகொள்வதுண்டு. பெட் ஸ்கேன் என்பதில், கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைச் செலுத்துவர். புற்றணுக்கள் அதை மிகுதியாக உண்பதால் படத்தில் ஒளிரும். ஆனால் புண்பட்டு வீங்கிய கணையமும் அவ்வாறே ஒளிரும். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பின் படமும் தெளிவு குன்றும்.

இக்குறை தீர்க்கவே புதிய சோதனைகள். கணையப் புற்று தன்னைச் சுற்றி அடர்ந்த நார்த்திசுவை வளர்த்துக்கொள்ளும் இயல்புடையது. அந்நாரை உண்டாக்கும் அணுக்களிலுள்ள ஒரு புரதத்தைத் தேடிப் பற்றும் கதிரியக்க மருந்தை ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரத்து ஆய்வாளர் உருவாக்கினர். இந்தியாவிலும் அதைச் சோதித்து வருகின்றனர். மற்றொரு வழி, கணினிக்குப் படம் பார்க்கக் கற்பிப்பது. வேறு காரணங்களுக்காக எடுக்கப்பட்டு, குறையில்லை எனக் கருதப்பட்ட பழைய சி.டி. படங்களிலேயே, நோய் வெளிப்படுவதற்கு 3 முதல் 36 மாதங்களுக்கு முன்னரே அதன் அடையாளங்களைக் கணினி கண்டதாக மேயோ ஆய்வாளர் 2022-இல் எழுதினர். இவை நம்பிக்கையூட்டுவன, எனினும் ஆய்வுப் பொருளாகவே இன்னும் இருப்பவை.

அண்மையில் நம் பங்கின் குடும்பமொன்று இக்கேள்வியை நேரில் சந்தித்தது. குடும்பத் தலைவர் துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தெட்டாம் வயதில் சர்க்கரை வந்தது, உடலும் இளைத்தது. பத்தியத்தால் இளைக்கிறார் என்று வீட்டார் மகிழ்ந்தனர். பின்னரே காமாலையும், கணையத்தில் கட்டியும். ஆய்வுக்காகப் புதிய ஸ்கேன் ஒன்று எடுக்கச் சம்மதமா என்று மருத்துவர் கேட்டிருந்தார். "சாமி, இதை எடுத்தால் அப்பா பிழைத்துவிடுவாரா?" என்றான் மகன். "இருக்கிற வேதனை போதாதா? இன்னும் ஏன் அவரைக் குத்த வேண்டும்?" என்றார் தாயார். இருவர் சொல்லிலும் அன்பே இருந்தது.

குருமடத்தில் நாம் கற்ற அறநெறி இங்கே துணை நின்றது. நோயாளி தரும் உரிமைக்கு மேல் அவர் உடல்மீது மருத்துவருக்கு உரிமை இல்லையெனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-இலேயே தெளிவுபடுத்தினார். எனவே நாம் தீர்ப்புச் சொல்லாமல், மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைக் குறித்துக் கொடுத்தோம். இப்படத்தால் சிகிச்சை மாறுமா? செலவு யாருடையது? கதிரியக்கம் எவ்வளவு? மறுத்தால் வழக்கமான மருத்துவம் குறையுமா? அறநெறிக் குழுவின் ஒப்புதல் உண்டா? சம்மதப் படிவம் தமிழில் உண்டா? நடுவில் விலகலாமா?

மருத்துவர் ஒளிக்காமல் பதிலிறுத்தார். சிகிச்சை மாறாது, செலவு இல்லை, ஒரே ஊசி, மறுத்தால் இழப்பும் இல்லை. யாவற்றையும் கேட்ட நோயாளி, "எனக்கு ஆகாவிட்டாலும் பின்னால் வருகிறவனுக்கு ஆகட்டும், சாமி" என்று கூறித் தாமே கையொப்பமிட்டார். பொய்யான நம்பிக்கையால் அன்று, உண்மை அறிந்தே அவர் இசைந்தார். தாயாரும் அதன்பின் தடுக்கவில்லை. சில திங்களில் அவர் இறைவனடி சேர்ந்தார். அப்படம் அவர் நாள்களைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

குடும்பத்தாரே, சில கருத்துகளை மனத்திற் கொள்வீராக. ஐம்பது கடந்தவருக்குப் புதிதாகச் சர்க்கரை கண்டு, காரணமின்றி எடையும் குறையுமாயின், மகிழாமல் மருத்துவரிடம் கூறுங்கள். பீடி, சிகரெட்டைக் கைவிடுங்கள். கணையப் புற்றுக்கு அவையும் காரணமாகும். நம் வடசென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே கணைய நோய்க்கு அறுவை மருத்துவம் உண்டு. விளம்பரம் கண்டு, கடன்பட்டுப் புதுப்புது ஸ்கேன்களுக்கு ஓடாதீர்கள். ஆய்வுக்கு அழைப்பு வந்தால், மேற்சொன்ன கேள்விகளைத் தயங்காது கேளுங்கள். விடை தெளிந்தபின், ஆம் என்பதோ அன்று என்பதோ, நோயாளியின் வாயிலிருந்தே வரட்டும்.