ஆலப்புழை நாருக்கு ஒரு காரக் குளியல்

ஆலப்புழை என்றதும் படகு வீடும் கரிமீன் வறுவலும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஊரை வளர்த்தது கயிறு. ஜேம்ஸ் டாரா என்ற அமெரிக்கர் 1859ல் இங்கே கயிறுத் தொழிற்சாலை தொடங்கினார். தேங்காய் நாரில் நெய்த பாயும் மிதியடியும் கப்பலேறிச் சீமைக்குப் போயின.

அந்த நாருக்காகக் காயலோரக் கிராமங்களில் பச்சை மட்டையை வலையில் கட்டிச் சேற்றுத் தண்ணீரில் அமிழ்த்தி வைப்பார்கள். 6 முதல் 10 மாதம் அங்கேயே கிடக்கும். நாரைப் பிணைத்திருக்கும் பசையைத் தண்ணீரிலுள்ள பாக்டீரியாக்கள் தின்று தீர்க்கும். பிறகு பெண்கள் மட்டையைக் கட்டையால் அடித்து நார் எடுப்பார்கள். நார் பொன்னிறமாக வரும். தண்ணீரோ கறுத்து, அழுகிய முட்டைபோல நாறும், மீன் தங்காது.

இப்போது நார் எடுப்பது பெரும்பாலும் இயந்திரம்தான். நம் பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் லாரி லாரியாக நார் வருகிறது. மிதியடியை மட்டும் நம்பினால் பிழைப்பு ஓடாது என்பதால், நாருக்குப் புது வேலை தேடுகிறார்கள்.

ஆலப்புழையிலிருந்து சேர்த்தலை சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் போனால் கலவூர். கயிறு அருங்காட்சியகமும் மத்தியக் கயிறு ஆராய்ச்சி நிலையமும் இருக்கும் ஊர். நாரைப் பிசினோடு சேர்த்து அழுத்தினால் மரத்துக்கு மாற்றாகப் பலகை கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், நாரின் மேலே மெழுகுபோல ஒரு பூச்சு இருக்கிறது. பிசின் அதில் ஒட்டாமல் வழுக்கும். நாருக்குத் தண்ணீர் பிடிக்கும், பிசினுக்குப் பிடிக்காது. பிறகு எப்படிச் சேரும்?

பழைய சுவரில் பூச்சு நிற்க, கொத்தனார் முதலில் சுவரைக் கொத்திவிடுவார் அல்லவா? அதே வேலையை இங்கே காஸ்டிக் சோடா செய்கிறது. 5 சதவீத அளவு கரைசலில் நாரைச் சில மணி நேரம் ஊறவைத்தால் மெழுகும் லிக்னினில் ஒரு பகுதியும் கரைந்து, மேற்பரப்பு சொரசொரப்பாகும். தேங்காய் நாரில் லிக்னின் மட்டுமே 40 சதவீதத்துக்கு மேல். சணலில் அதில் பாதிகூடக் கிடையாது. சொரசொரப்பான நாரைப் பிசின் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பலகைக்கு வலு கூடும்.

இது புதுச் சரக்கு அல்ல. இங்கிலாந்தின் லங்காஷயரில் ஜான் மெர்சர் 1844ல் பருத்தித் துணியில் கண்டதுதான். தையல் நூல்கண்டில் ‘மெர்சரைஸ்டு’ என்று பார்த்திருப்பீர்களே, அது இவர் பெயர்தான்.

கரைசல் கொஞ்சம் அதிகமானாலோ, நேரம் தப்பினாலோ நாரே நொந்து இற்றுவிடும். பதத்தில் எடுத்து, லேசான அமிலத்தில் காரத்தை முறித்து, பலமுறை அலசிக் காயவைக்க வேண்டும்.

அந்த அலசல் தண்ணீர்தான் ஆலப்புழைக்குப் பெரிய கேள்வி. மட்டை அழுகிய நாற்றத்தை அனுபவித்த ஊர் இது. இங்கே கால்வாயில் விடுவது வேம்பநாட்டுக் காயலுக்குப் போகும். காரத்தை முறித்து, கரைந்த கசடைப் பிரித்தெடுக்கும் தொட்டி இல்லாமல் இந்தப் பலகையைப் ‘பசுமைப் பொருள்’ என்று விற்கக் கூடாது. கலவூருக்குப் போனால், பலகையைத் தட்டிப் பார்ப்பதோடு அந்தத் தொட்டியைப் பற்றியும் கேளுங்கள்.