அப்பாவின் பஃப்

நெல் அறுக்கிற மெஷின் வயலில் இறங்கினாலே அப்பாவுக்கு இழுப்பு வந்துவிடும். போன தை மாசம் ஒரு ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்தே கழித்தார். "இந்த பஃப்பெல்லாம் வெறும் காத்துடா, காசுக்குக் கேடு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "எப்படி அடிக்கிறீங்க, செஞ்சு காட்டுங்கய்யா" என்றார். அப்பா வாயைத் திறந்து, குலுக்காமல், மூச்சை இழுக்காமல் ரெண்டு தடவை அழுத்தினார். மருந்து புகையாக வெளியே வந்தது. காத்தடிக்கும்போது பூச்சிமருந்து அடித்தால் வீண் என்று தெரிந்த எனக்கு, இது தெரியவில்லை.

நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார். நல்லா குலுக்கணும். மூச்சை முழுசா வெளியே விடணும். உதட்டை இறுக்கி, மெதுவாக இழுக்க ஆரம்பிக்கும்போதே ஒரு தடவை அழுத்தணும். பத்து எண்ணுற வரைக்கும் மூச்சை அடக்கணும். அடுத்ததற்கு அரை நிமிஷமாவது போகணும். கைக்கும் மூச்சுக்கும் ஒத்துவராததால் ஸ்பேசர் குழாயும் கொடுத்தார்.

இன்னொரு தப்பும் அங்கேதான் வெளியே வந்தது. ரெண்டு பஃப்பில், தினமும் ரெண்டு வேளை அடிக்க வேண்டியதை, "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று அப்பா ஐப்பசியிலேயே நிறுத்தியிருந்தார். அது ஸ்டீராய்டு மருந்தாம். அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பணும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும்.

ஊருக்கு வந்து சொன்னபோது பக்கத்துத் தோட்டத்து அண்ணன் திருதிருவென முழித்தார். கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய பொடி கேப்சூலை அவர் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தார்!

இந்தத் தை அறுப்புக்கு அப்பா துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று, டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். ராத்திரி படுத்துத் தூங்கினார்.