பொருந்திவிடும் பிரைமர்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், ஸ்நேக், கிளியர்வாட்டர் என்ற இரண்டு ஆறுகள் கூடும் ஊர் லூயிஸ்டன். பிரைமர் செய்யும் சிசிஐ நிறுவனம் 1951இல் தொடங்கியது இங்கேதான். நான் பார்க்கப் போனது அந்த ஆலையை அல்ல. லேத் பட்டறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவரும் அவர் மகளும், சுட்டுமுடிந்த பித்தளைக் கூடுகளை மறுபடி தோட்டாவாக்கும் கார் கொட்டகையை. இருவரும் போட்டிகளில் சுடுகிறவர்கள். விற்பதில்லை, விற்க உரிமம் வேண்டும்.

தோட்டாவின் அடியில் பொட்டுப்போல உட்கார்ந்திருக்கும் உலோகக் கிண்ணம்தான் பிரைமர். துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தினால் பொறி கிளம்பி உள்ளிருக்கும் வெடிமருந்து பற்றும். அமெரிக்கர்கள் பயன்படுத்துவது பாக்ஸர் என்ற ஆங்கிலேயர் வகுத்த முறை. பெர்டன் என்ற அமெரிக்கரின் முறையோ ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. வேடிக்கைதான்.

2020இல் தொடங்கிய தட்டுப்பாட்டில் நாடு முழுக்கப் பிரைமர் கிடைக்கவில்லை. “ஆலை இருக்கிற ஊர் என்பதற்காக எங்களுக்கென்று எடுத்தா வைப்பார்கள்?” என்று சிரித்தார் பெரியவர். கைத்துப்பாக்கிப் பிரைமர் இல்லாதவர்கள் ரைபிள் பிரைமர் பக்கம் கைநீட்டிய காலம் அது.

பிரைமர் பெரியது, சின்னது என்று இரண்டு அளவில் வரும். பெரிய அளவுக்கு அந்த மாற்று செல்லாது. ரைபிள் பிரைமர் உயரம் கூடியது; கைத்துப்பாக்கிக் கூட்டில் துருத்திக்கொண்டு நிற்கும், ரிவால்வரின் உருளையே சுழலாது. விரலால் தடவினாலே தெரிந்துவிடும். பெரியவர் பயப்படுவது சின்ன அளவுக்குத்தான். அதில் கைத்துப்பாக்கி, ரைபிள் இரண்டுக்கும் விட்டம் ஒன்று, 0.175 அங்குலம், உயரமும் ஒன்று. கச்சிதமாக உட்காரும். ஆனால் ரைபிள் பிரைமரின் கிண்ணத் தகடு பொதுவாகத் தடிமன். விசை இலகுவாக்கிய ரிவால்வரில் ஊசி குத்தியும் வெடிக்காமல் போகலாம். வெடித்தால், சில வகைகளில் பொறியின் சூடு கூடி அழுத்தம் ஏறும். மேக்னம் பிரைமரும் இப்படித்தான்: பார்வைக்கு அதே கிண்ணம், சூடு வேறு.

அதற்காக மாற்றவே கூடாதென்றும் இல்லை. அழுத்தம் மிகுந்த .38 சூப்பர் போட்டித் தோட்டாக்களுக்குச் சின்ன ரைபிள் பிரைமரை வேண்டுமென்றே போடுகிறவர்கள் உண்டு. மெல்லிய கிண்ணத்தை ஊசி துளைத்துவிடும் என்பதால். மகள் தன் 9 எம்எம் தோட்டாவுக்குச் சின்ன ரைபிள் பிரைமரைப் போட்டபோது, பழைய மருந்தளவை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. கையேட்டின் தொடக்க அளவுக்கு இறங்கி, சிலவற்றை மட்டும் செய்து, வேகமானியின் முன்னால் சுட்டு, கூட்டின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார். சலிப்பான வேலை. எனக்கு அங்கே கைவினையாகப் பட்டது அந்தச் சலிப்புதான். கைப்பிடியை இழுக்க இழுக்கத் தோட்டா செய்து உதிர்க்கும் இயந்திரம் அல்ல.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்தார். இறந்துபோன சகோதரரின் கொட்டகையில் கிடைத்ததாம், ஒரு ஜாடி நிறையப் பிரைமர்கள் காரில் இருக்கின்றன, சும்மாவே தருகிறேன் என்றார். கடையில் அவை நூறு நூறாக, தட்டில் தனித்தனிக் குழியில் வருபவை. ஜாடியில் குவிந்து கிடந்தால் ஒன்று வெடித்தாலே மற்றவையும் சேர்ந்து வெடிக்கும். எந்த வகை என்றும் எதிலும் எழுதியிருக்காது. மகள், “ஜாடியைத் தொடாதீர்கள், வண்டியையும் எடுக்காதீர்கள்” என்று சொல்லிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார்.